மதனப்பள்ளிக் கணக்கு

காட்பாடி சந்திப்பில் திருப்பதி ரயிலுக்குக் காத்திருந்த மஞ்சள் வேட்டிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, சித்தூர் பஸ்ஸில் ஏறினேன். புரட்டாசி. கோவிந்தா குரல் பஸ்ஸுக்குள்ளும் தொடர்ந்தது. நான் போகவேண்டியது மலையப்பனுக்கு எதிர்த்திசையில், பலமனேர், புங்கனூர் தாண்டி மதனப்பள்ளிக்கு. அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரத்தில் ரிஷி வேலி. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கரும்பலகையைச் சுவரின் அடிக்கு இறக்கி, ஆசிரியரைத் தரையில் உட்கார வைத்த யோசனை ஆந்திராவின் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதைப் பற்றி யார் எழுத நினைத்தாலும் ஒருமுறை அங்கே போய் வருவது நல்லது.

சித்தூர் வரை கடைப் பலகைகளில் தெலுங்கு, பேச்சில் பாதிக்குமேல் தமிழ். மொகிலி மலைப்பாதை ஏறியதும் காற்று மாறிவிடுகிறது. பலமனேரில் பஸ் டீக்கு நின்றபோது சாலையோரம் ஒரு பெண்மணி சாக்கை விரித்துச் சீத்தாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். கூட ஒன்பது வயது மதிக்கத்தக்க மகன். அன்று ஞாயிறு. பழம் ஒன்று பன்னிரண்டு ரூபாய். ஏழு பழம் எடுத்து நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். பையன் தாளை வாங்குவதற்குள் மீதியை எண்ணிவிட்டான். பதினாறு ரூபாய்.

"எப்படிப்பா இவ்வளவு சீக்கிரம்?"

"அஞ்சு பழம் அறுவது. ரெண்டு பழம் இருவத்திநாலு. எம்பத்திநாலு சார்." இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற முகம்.

என் குறிப்பேட்டில் 12 × 7 என்று எழுதிக் காட்டினேன். பேனாவை வாங்கினான். ஏழு ரெண்டு பதினாலு என்று முணுமுணுத்து 14 எழுதினான். ஏழொண்ணு ஏழு. அதற்கு முன்னால் 7 போட்டான். 714. நோட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

"இப்ப எனக்கு எவ்வளவு பாக்கி தரணும்?"

"பதினாறுதான் குடுத்துட்டேனே சார்."

"இங்கே 714ன்னு எழுதியிருக்கியே?"

"அது ஸ்கூல் கணக்கு."

அவனுக்கு அதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. அவன் அம்மா ஒரு பழத்தைக் கூடுதலாக வைத்துக் கொடுத்தார். அந்தக் கணக்கை யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

அந்தப் பையன் தனி ஆள் இல்லை. பிரேசிலின் ரெசீஃபே நகரத்தில் தெருவில் விற்கும் ஐந்து பிள்ளைகளை வைத்து மூன்று ஆய்வாளர்கள் செய்த சோதனை 1985இல் வெளிவந்தது. வியாபாரத்தின் நடுவே கேட்டபோது 98 சதவீதக் கணக்குகள் சரி. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் தந்தபோது சரியானவை 37 சதவீதம். ஐந்து பிள்ளைகளை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்டவர்களுக்கு 2025இல் 'நேச்சர்' இதழில் பதில் வந்தது. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைச் சோதித்திருந்தார்கள். விலையும் எடையும் மாற்றி மாற்றிக் கேட்டாலும் மனசுக்குள்ளேயே போட்டுச் சொன்ன பிள்ளைகள், பள்ளிப் புத்தகத்தில் வரும் வடிவத்தில் அதையே கேட்டபோது தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளையும் சோதித்தார்கள். அவர்கள் தாளில் ஓரளவு போட்டார்கள், சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஏழைப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று சொல்லும் வாத்தியார்களும், தெருவே நல்ல பள்ளிக்கூடம் என்று உருகுகிறவர்களும் இந்த ஆய்வின் இரண்டு பாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சந்தைக்கும் நோட்டுக்கும் நடுவே பாலம் தானாக முளைப்பதில்லை.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் சந்தையின் பக்கமே நின்றவை. எண்சுவடி, நெல்லிலக்கம், குழிமாற்று என்ற வாய்பாடுகள் எல்லாம் மனப்பாடம். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒன்று என்று சிறுவர்கள் ஒப்பித்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு இந்த உலகத்தைப் பற்றி 2022இல் ஒரு பெரிய நூலே கொண்டுவந்திருக்கிறார். நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் கூலி தீர்க்கவும் உதவிய கணக்கு அது. அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் திண்ணையில் யாருக்கெல்லாம் இடம் கிடைத்தது, யார் கணக்கை யார் எழுதினார்கள் என்பதும் வரலாற்றில் இருக்கிறது.

மதனப்பள்ளியில் இரவு தங்கி, விடியற்காலையில் தக்காளிச் சந்தைக்குப் போனேன். நாட்டின் மிகப் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. பிளாஸ்டிக் பெட்டிகள் சுவர் சுவராக அடுக்கியிருக்க, ஏலக்குரல் ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குத் தாவிக்கொண்டிருந்தது. 2023 ஜூலையில் இங்கே கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. வேறு மாதங்களில் பறிகூலிகூடக் கட்டாமல் சாலையில் கொட்டிவிட்டுப் போவதும் உண்டு. பேனாவைத் தொடாமலே பெட்டி, விலை, கமிஷன், லாரி வாடகை என்று நான்கு அடுக்குக் கணக்கை ஒருவர் செல்பேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனாவது படித்தவர் என்று கேட்க ஆசையாக இருந்தது. அந்த நேரத்தில் கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும்.

ஊருக்குள்ளே அன்னி பெசன்ட் பெயரில் ஒரு பழைய கல்லூரி இருக்கிறது. 1919இல் தாகூர் அங்கே தங்கியிருந்தபோதுதான் 'ஜன கண மன'வை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்ததும் மதனப்பள்ளியில், 1895இல். பிற்பாடு அவர் தேர்ந்தெடுத்த பள்ளத்தாக்கில் வளர்ந்ததே ரிஷி வேலி. நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி என்றே பலருக்கும் தெரியும். நான் தேடிப் போனது அந்தப் பெரிய பள்ளியை அல்ல. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் 1980களிலிருந்து வளர்ந்த ஓரறைப் பள்ளிகளின் முறையை.

மழை பொய்க்கும் ராயலசீமை. நிலக்கடலை, புளியமரம், ஆட்டு மந்தை. ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. கடலை பிடுங்கும் நாளில் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஐந்து பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்ய முடியும்? ரிஷி வேலியைச் சேர்ந்த பத்மநாப ராவும் ரமாவும் இந்தக் கேள்வியில் தொடங்கினார்கள். புத்தகத்தைப் பிரித்துச் சிறு சிறு அட்டைகளாக்கினார்கள். எந்த அட்டைக்குப் பிறகு எது என்பதை ஓர் ஏணியாக வரைந்து சுவரில் மாட்டினார்கள். ஏணியில் ஒரு கட்டத்துக்குள்ளேயே அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, தேவைப்பட்டால் குறைதீர்க்கும் வேலை, முடித்தவர்களுக்குக் கூடுதல் வேலை எல்லாம் உண்டு. பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, உரிய குழுவில் போய் உட்காரும். ஆடு மேய்க்கப் போய்விட்டுத் திரும்புகிறவன் விட்ட படியிலிருந்தே ஏறலாம்.

மற்றப் பாடங்களைவிடக் கணக்குக்கு இது உயிர்நாடி. சமூக அறிவியலில் அக்பரைத் தவறவிட்டவன் ஷாஜகானைப் படித்துவிடலாம். பத்துகளும் ஒன்றுகளும் பிடிபடாதவன் கழித்தலில் விழுவான், கழித்தலில் விழுந்தவன் வகுத்தலில் எழுந்திருக்கவே மாட்டான். பழைய வகுப்பறையில் தேதி வந்தால் பாடம் நகர்ந்துவிடும், புரிந்ததா இல்லையா என்பது பிள்ளையின் சொந்த விஷயம். ஏஸர் அமைப்பின் 2024 கிராமப்புறக் கணக்கெடுப்பில், நாடு முழுக்க மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டிலக்கக் கழித்தல் போட முடிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. மற்ற இரண்டு பங்கினரும் அந்த ஆண்டே பெருக்கலும் வகுத்தலும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஏணி முறையில் நடக்கும் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஒரு காலைப்பொழுது உட்கார அனுமதி கிடைத்தது. ஒரே அறை, வேப்பமரத்தடியையும் சேர்த்தால் ஒன்றரை. உள்ளே சந்தை இரைச்சல். என் அரைத் தெலுங்கு ஓரளவுக்குக் கைகொடுத்தது. ஏழு வயதிருக்கும் ஒரு சிறுமி பாயில் குச்சிகளைப் பரப்பியிருந்தாள். பத்துப் பத்தாக ரப்பர் போட்ட நான்கு கட்டு, உதிரியாக இரண்டு. அட்டையில் 42லிருந்து 17 போனால் என்று இருந்தது. முதலில் ஒரு கட்டை அப்படியே எடுத்துத் தள்ளி வைத்தாள். பிறகு ஏழு எடுக்கவேண்டும், உதிரி இரண்டுதான் இருந்தது. இரண்டையும் எடுத்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஆசிரியரைப் பார்த்தேன். அவர் சுவர் ஓரம் மூன்று சின்னஞ்சிறுசுகளோடு புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருந்தார், இங்கே திரும்பவில்லை. பக்கத்தில் வேறு அட்டையோடு இருந்த பத்து வயதுப் பெண் எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இந்தக் கட்டுக்குள்ளே என்ன இருக்கு?" சிறியவள் கட்டை எடுத்து ரப்பரைக் கழற்றாமலே எண்ணினாள். பத்து. இன்னொரு தடவை எண்ணினாள். அப்புறம்தான் ரப்பரைக் கழற்றினாள். ஐந்தை எடுத்துத் தள்ளினாள். மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து உதிரி. கீழ்மட்டக் கரும்பலகையில் தன் பெயர் எழுதிய கட்டத்துக்குப் போய் 25 என்று எழுதினாள்.

பெரியவள் விடவில்லை. "எடுத்ததையும் மிஞ்சினதையும் சேர்த்தா எவ்வளவு வரணும்?" சிறியவள் மறுபடி குச்சிகளிடம் போனாள். இது அட்டையில் இல்லாத கேள்வி. அந்தப் பெரிய பெண்ணும் அப்போதுதான் கழித்தலையும் கூட்டலையும் முழுசாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது. இந்த ஒரு கணக்குக்கு ஆன நேரத்தில் நான் படித்த காலத்து வகுப்பில் ஒரு பயிற்சியையே முடித்து 'வெரி குட்' வாங்கியிருப்பார்கள். 52லிருந்து 17ஐக் கழித்து 45 என்று எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதுதான் விதி என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் அதே வகுப்பில் இருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு எத்தனாவது வகுப்பு?" என்று பிறகு ஆசிரியரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, சுவரிலிருந்த ஏணியைப் பார்த்து ஒரு படியைத் தொட்டுக் காட்டினார்.

பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லித் தருவதை ரிஷி வேலிதான் கண்டுபிடித்தது என்று சொல்லிவிட முடியாது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தன் விடுதிக்குக் கொண்டுவந்தார். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1797இல் லண்டனில் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளி உண்டு. ஆனால் பெல்லின் பள்ளியில் சட்டாம்பிள்ளை ஒப்பிக்க வைத்தான், படைவரிசை போல. ஒரே ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கணக்கானவர்களை ஓட்டிவிடலாம் என்பதே அதன் கவர்ச்சி. பாயில் உட்கார்ந்து "கட்டுக்குள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டவள் வேறு ரகம்.

ரிஷி வேலி முறையைக் கர்நாடகம் முதலில் எடுத்துக்கொண்டது. மைசூர் மாவட்டம் எச்.டி. கோட்டே வட்டாரத்தின் ஆசிரியர்கள் ரிஷி வேலிக்கு வந்து பார்த்துவிட்டுப் போய், 1995இல் 'நலி கலி'யைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அது செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தொடங்கியது. 2007-08இல் மாநிலம் முழுக்க எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. அந்த நாட்களில் தமிழ்நாட்டில் எந்தக் குக்கிராமத்துப் பள்ளிக்குள் நுழைந்தாலும் தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்தவை தொங்கும். தட்டு தட்டாக அட்டைகள். சுவரைச் சுற்றிப் பச்சை வண்ணப் பலகை.

அதே நாட்களில் இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு பள்ளியில் மூன்று பிள்ளைகள் ஆளுக்கொரு கணக்கு அட்டையை வைத்துக்கொண்டு பேச்சு மூச்சில்லாமல் நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மணிச்சட்டம் அலமாரி மேல், பாலிதீன் உறை பிரிக்காமல். ஆசிரியர் ஏணிப் பதிவேட்டில் டிக் போட்டுக்கொண்டிருந்தார். 'போர்ஷன் முடிஞ்சுதா?' போய், 'கார்டு முடிஞ்சுதா?' வந்திருந்தது. புத்தகமும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை, என்னதான் படிக்கிறான் என்று பெற்றோர் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. பதில் சொல்ல யாருக்கும் சொல்லித் தரவில்லை. ரிஷி வேலியில் ஆசிரியர்களே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வெட்டி ஒட்டித் திருத்திய பொருள் இங்கே அச்சடித்த மூட்டையாக வந்து இறங்கியது. மொழி அட்டை தனியாகவும் கொஞ்ச தூரம் ஓடும் என்பது என் எண்ணம், படமும் கதையும் இழுத்துக்கொண்டு போகும். கணக்கு அட்டைக்குப் பேச்சு வேண்டும். எப்படி வந்தது, வேறு வழி உண்டா, அவள் சொன்னது ஏன் சரி என்று யாராவது கேட்காவிட்டால் அதுவும் ஒரு தாள்தான். 2012இல் முப்பருவ முறை வந்து புத்தகங்கள் திரும்பின. அட்டைகள் மெல்ல மெல்ல மூலைக்குப் போயின.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள். பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து என்ற ஏணியின் சாரம் இதில் வேறு உடுப்பில் இருக்கிறது.

திரும்பும் வழியில், காட்பாடிக்கு முன்பே இறங்கித் தமிழக எல்லையோரத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றுக்குப் போனேன். ஈராசிரியர் பள்ளி. டீச்சருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், செயல்வழிக் கற்றல் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். "அப்ப கார்டு, இப்ப ஆப். எல்லாருக்கும் ஆன்லைன் மதிப்பீடு ஏத்தி முடிக்கிறதுக்குள்ள நெட் போயிடும் சார்" என்று சிரித்தார். நூற்று மூன்றை 1003 என்று எழுதும் பிள்ளைகளுக்காக அவரே காலண்டர் அட்டையில் எண்கள் வெட்டி வைத்திருந்தார். 100 என்ற நீள அட்டையின் கடைசிப் பூஜ்யத்தின் மேல் 3 அட்டையை வைத்தால் 103. மறைந்த பூஜ்யத்தைப் பிள்ளைகள் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள்.

சுவரில் மளிகைக்கடைக் காலண்டர் தொங்கியது. காலண்டரை வைத்துக் கணக்குச் சொல்லித் தரும் வித்தையை இந்த மாநிலத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோனவர் பி.கே. சீனிவாசன். 2005இல் காலமான அந்தக் கணித ஆசிரியருக்குத் தேதித்தாள் ஒரு பெரிய பாடநூல். ராயபுரத்தில் ராமானுஜனுக்கு அருங்காட்சியகம் அமைந்ததும் அவருடைய முயற்சியால்தான். டீச்சருக்கு அவர் பெயர் தெரியாது. பயிற்சியில் யாரோ சொன்னது என்றார். விளையாட்டு மட்டும் கைமாறிக் கைமாறி இங்கே வந்துவிட்டிருக்கிறது. நான்கு தேதிகளைச் சுற்றிச் சதுரமாகக் கோடு போட வேண்டும். 8, 9, அதன் கீழே 15, 16. குறுக்கே கூட்டினால் 8ம் 16ம் 24. 9ம் 15ம் 24. பிள்ளைகள் ஆளுக்கொரு மாதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு பாயில் பரப்பினார்கள். எல்லாச் சதுரத்திலும் வருமா என்பது பந்தயம்.

பதிவேட்டில் மொட்டு நிலையில் இருக்கும் ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி அக்டோபரை வைத்திருந்தாள். மாதம் புதன்கிழமை பிறக்கிறது. அவள் சுற்றிய சதுரத்தில் மேலே செவ்வாய்க்கிழமைக் கட்டம் காலி, பக்கத்தில் 1. கீழே 7, 8.

"டீச்சர், இங்க ஒண்ணும் இல்ல."

"இல்லேன்னா?"

ஏழும் ஒண்ணும் எட்டு என்று விரல் விட்டாள். எதிர்மூலையில் 8 ஏற்கனவே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காலிக் கட்டத்தில் பென்சிலால் 0 போட்டாள். மற்றவர்கள் கூடிவிட்டார்கள். தேதி பூஜ்யம் கிடையாதுடி என்றான் ஒருவன். கணக்கு சரியா வருதில்ல என்றாள் இவள். அதற்குள் அவள் விரல் அடுத்த இடத்துக்குப் போயிருந்தது, இடப்பக்கம் திங்கள்கிழமைக் காலிக் கட்டத்துக்கு. கீழே 6. பக்கத்தில் இப்போது போட்ட 0, அதன் கீழே 7.

"இதுக்கு என்ன டீச்சர் போடறது?"

டீச்சர் கையேட்டின் பக்கம் பார்க்கவில்லை. பாயில் உட்கார்ந்து, "ஆறும் பூஜ்யமும் எவ்வளவு?" என்று கேட்டார்.